எட்டரை மணி நடை

சிஸ்டர்,

இன்று காலை லைனில் நடந்து போகும்போது ஏழாவது மேசைப் பக்கம் வலித்தைலத்தின் நெடி அடித்தது. யாரோ தோளில் தடவிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உடனே உங்கள் முதலுதவி அறை ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் எப்போதும் மூன்று பேர், நான்கு பேர் நிற்பார்கள். முதுகுவலி, கால் வீக்கம், தலைசுற்றல். நீங்கள் தைலத்தைக் கொடுத்துவிட்டு அலுத்துக்கொள்வீர்கள். "இதத் தடவுனா வாசந்தான் வரும், வலி போவாது. பிள்ளையள் வெயிலப் பாத்து எத்தன நாளாச்சுன்னு முதல்ல கேளுங்க சார்."

கேட்க என்ன இருந்தது? இருட்டில் கம்பெனி பஸ் ஏறி வருவார்கள். ஜன்னல் இல்லாத கூடத்தில் ஆறு மணிக்கு நிற்கத் தொடங்கி, கார்களுக்கு வயர் கட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் விடாமல் மேலே எழுதிப் போட்டு, ஒரு மாதச் சோதனைக்கு அனுமதி வாங்கினீர்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் எட்டரை மணிக்கு இருபது நிமிடம், சுற்றுச்சுவர் ஓரமாக வெளியே நடை. ஒரே ஒரு லைனுக்குத்தான் அனுமதி. அது நான் சூப்பர்வைசராக இருந்த லைன். அன்றே மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கவுன்ட் ஒண்ணு கொறஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும், சிஸ்டர் இல்ல."

முதல் வாரம் எல்லோரும் சுவர் நிழலில் நின்று போன் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் வெள்ளைக் கோட்டோடு, கேன்வாஸ் ஷூவோடு, தனியாகச் சுற்றி வந்தீர்கள். இரண்டாம் வாரம் ஒரு பந்து கொண்டுவந்தீர்கள். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கயிறு கட்டி எறிபந்து. சிரிப்புச் சத்தம் கூடத்துக்குள் வரை கேட்டது. நான் உள்ளே எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது குறைந்தது. மறுநாள் நாற்பத்தைந்து.

அப்போதுதான் அதைச் செய்தேன். எட்டு பத்துக்குக் கேன்டீன் போனவர்களை எட்டு இருபதுக்கே லைனுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "பத்து நிமிஷம் ஓட்டிட்டு அப்பறம் நடக்கப் போங்க. சிஸ்டர் காதுக்குப் போவக்கூடாது." எண்ணிக்கை நிமிர்ந்தது. நீங்கள் எட்டரைக்கு லைன் கதவுக்கு வந்து, எல்லோரும் தயாராக நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள். கேன்டீன் வரிசையில் கடைசியில் நிற்பவர்களுக்குத் தட்டு கைக்கு வரும்போதே நேரம் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

வரிசையில் எப்போதும் கடைசி, மேரி. லைனின் கோடியில் வேலை அவளுக்கு. சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, ஒரு டீயோடு கிளம்பி வருபவள். மூன்றாவது வாரம், நடந்துகொண்டிருந்தபோதே சரளையில் முகம் குப்புற விழுந்தாள். மோவாய் கிழிந்துவிட்டது. நான் ஓடி வந்தபோது நீங்கள் அவள் தலையை மடியில் வைத்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"காலைல சாப்டியாம்மா?"

மேரி என்னைப் பார்த்தாள். பிறகு, "சாப்ட்டேன் சிஸ்டர்" என்றாள்.

நீங்களும் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

மதியம் கூட்டம். வெயிலில் நடக்க வைத்ததால்தான் விழுந்தாள் என்றார் மேனேஜர். "வெயில் இல்ல சார். சர்க்கரை எறங்கிருக்கு. அவ ஏன் சாப்பிடலன்னு கேக்கணும்" என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தெரியல சார்" என்றேன். நடை அன்றோடு நிறுத்தப்பட்டது. இரண்டு நாளில் விளக்கம் தரச் சொல்லி உங்களுக்கு மெமோ வந்தது.

மறுநாள் எட்டு மணிக்கே கேன்டீன் ஊழியர்களிடம் நீங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் விசாரித்துவிட்டு நேராக என்னிடம்தான் வந்தீர்கள்.

"நான் போய்ச் சொன்னா மேரியச் சாட்சிக்குக் கூப்பிடுவாவ. அந்தப் பிள்ளைக்கு வேல போவும். நீங்க சொன்னாதான் சார் சரியா இருக்கும்."

"இன்னா சிஸ்டர், என் வேல போனா?"

"போனாலும் போவலாம். இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

நீங்கள் பொய்யாக ஒரு தைரியம் சொல்லியிருந்தால் உங்கள் மேல் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அன்றும் மறுநாளும் சாப்பாடு இறங்கவில்லை. மெமோவுக்குக் கெடு முடிய ஒரு மணி நேரம் இருந்தபோது மேனேஜர் அறைக்குப் போனேன். பாதி சொன்னதுமே அவர் எழுந்து கதவைச் சாத்தினார். மீதியை நின்றுகொண்டே சொன்னேன்.

என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். உங்கள் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மேரி மோவாயில் தையலோடு வேலைக்கு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டு, நடையை மறுபடி தொடங்கினார்கள். குடோன் ஷட்டர் வழியாக அந்தப் பாதை தெரியும். அவர்கள் கடந்து போகும் நேரத்தில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு நாள் நீங்கள் ஷட்டருக்குள்ளேயே வந்துவிட்டீர்கள்.

"ஒளிஞ்சது போதும். வாங்க, நடப்போம்."

வந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. பாதிச் சுற்றில் மேரி மட்டும் பக்கத்தில் வந்தாள். "இன்னா சார், இதுக்கே மூச்சு வாங்குது?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் என் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து லைனுக்குத் திரும்பினேன். அதற்குள் நீங்கள் வைத்தியத்துக்காகச் சொந்த ஊரான திருநெல்வேலிக்கே போய்விட்டீர்கள். எத்தனையோ பேர் உடம்பைப் பார்த்த நீங்கள், உங்கள் கட்டியை மட்டும் தள்ளிப் போட்டுவிட்டீர்கள். நீங்கள் இல்லை என்று போன மாதம் மேரிதான் சொன்னாள். லைன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த வயரை எடுத்தாள்.

இப்போது ஐந்து லைன்களுக்கு இந்த நடை உண்டு. மேனேஜரும் மாறிவிட்டார். சென்ற வாரம் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. "ஒரு மாசம் இந்த வாக்கிங்க நிறுத்திடலாமா?" என்று புதியவர் கேட்டார். மேசையைச் சுற்றி ஐந்து சூப்பர்வைசர்கள் இருந்தோம். மற்ற நால்வரும் குனிந்து ஆர்டர் தாளைப் பார்த்தார்கள். நீங்கள் கற்றுக்கொடுத்தது தைரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் அந்த நேரத்தில் எனக்குள் இல்லை சிஸ்டர். பயம்தான் இருந்தது.

"முடியாது சார்" என்றேன். "முன்னாடி ஒரு வாட்டி கவுன்ட்டுக்காக நான் நேரத்தத் திருடினேன். ஒரு பொம்பள விழுந்தா."

"சரி, நடக்கட்டும். ஒரு வாரம் பாக்கலாம்" என்று அவர் ஃபைலை மூடினார்.

வெளியே வந்தபோது எட்டரை ஆகியிருந்தது. மேரியும் மற்றவர்களும் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டாவது சுற்றில்தான் அவர்கள் வேகத்துக்கு என்னால் நடக்க முடிந்தது.