தாய்வீடு ஒழுகுகிறது

பூந்தமல்லி,
ஐப்பசி, 1936

என் கண்ணான மகளுக்கு,

தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்துவர நான் வரப்போவதில்லை. இங்கே கூரை ஒழுகுகிறது. உன் மாமியார் வீட்டிலேயே பிரசவம் ஆகட்டும். இதை எழுதிவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

அம்மா சௌக்கியம்.

மேலே எழுதியது பொய் மகளே, கூரை ஒழுகவில்லை. போன மாதம்தான் புதுக் கீற்று வேய்ந்தேன். உன் அம்மாவுக்குத்தான் ஞாபகம் தப்பிப்போகிறது. அவள் குடலிலேயே ஊறுகிற ஏதோ விஷம் மூளைக்கு ஏறியிருக்கலாம் என்றார் பட்டணத்து டாக்டர். வாரம் தவறாமல் பேதிக்குக் கொடுக்கச் சொன்னார். அவள் திமிறத் திமிற நான்தான் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் ஊற்றுகிறேன். அவள் வெளியே தலைகாட்டாததற்கு அக்கம்பக்கத்தில் விரதம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று சோறு பிசைந்து எடுத்துப் போனேன்.

"நீ யாரு? இன்னாத்துக்கு வந்துகீறே?" என்றாள்.

"உன் ஊட்டுக்காரன்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே ஒரு வாய் ஊட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

பல்லைக் கடித்து வாயை இறுக்க மூடிக்கொண்டாள். என் முகம் தெரியாதவளுக்கு இந்தக் கை தெரிந்திருக்கிறது.

உன்னை அழைக்க வராத,
அப்பா