தையல்காரி வருகிற செய்தி

மாடி அறையை வேறு ஆளுக்கு விட வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இன்று காலை துடைப்பமும் ஈரத்துணியுமாக ஏறினேன். பரணில் கைவிட்டபோது பாலிதீன் சுற்றிய ஒரு கட்டு அகப்பட்டது. முடிச்சை அவிழ்த்ததும் பாச்சா உருண்டையும் பழைய காகிதமும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உன் காமிக்ஸ். உன் அண்ணன் வந்து சாமான்களை எல்லாம் மூட்டை கட்டியபோது பரணை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ பிள்ளைப்பாக்கத்துக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்பாசமுத்திரத்துப் பெண், ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை, தனியாக இருக்க அறை வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா போன பிறகு கீழ் வீட்டில் நான் ஒருத்திதான். என் கல்யாணம் இரண்டு வருஷத்தில் முறிந்த கதையை ஊரே அறியும். மாடியில் ஒரு நடமாட்டம் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். நீ ஒரு துணிப்பையும் இரண்டு அட்டைப்பெட்டிகளுமாக வந்து இறங்கினாய். துணிப்பையை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டிகளை நீயே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினாய். பாத்திரமாக்கும் என்று நினைத்தேன். மறுநாள் தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைச் சொல்ல மேலே வந்தால், ஜன்னல் கட்டையில் பதினோரு பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. முகமூடி போட்டவன், சிறகு வைத்தவன், வாள் பிடித்தவள்.

"இன்னாடி இது? கொயந்த ஏதாவது கீதா உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தாங்க்கா" என்றாய், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

நான் பிளாஸ்டிக் வார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்றும், காருக்கான கிளிப்புகளோடு இப்போதெல்லாம் ஏற்றுமதிக்குப் பொம்மை உறுப்புகளும் செய்கிறோம் என்றும் சொன்னபோது நீ பார்த்த மாதிரி அதற்குமுன் யாரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு அவை வெறும் எண்கள். ட்ரேயில் ஒரு எண் ஒட்டியிருக்கும். அதில் கை இருக்கும், அல்லது தலை இருக்கும். பிசிறு இருந்தால் தள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்ப வேண்டும். அந்தக் கை யாருடையது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நீதான் கேட்க வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உன் பக்கத்துக்கு எழுதுவாய். போனில் தமிழில் நீ நடத்திய அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று நீ கவலைப்பட்டதே இல்லை. எந்த நாயகனின் பொம்மை வரப்போகிறது, எந்தக் காமிக்ஸ் திரும்ப அச்சாகிறது, எந்தப் படத்தில் கதையைக் கெடுத்துவிட்டார்கள், எல்லாம் அதில் இருக்கும். எழுதி முடித்ததும் கீழே வந்து என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாய். நான் தடுக்கிய இடத்தில் வாக்கியத்தை மாற்றுவாய். ஒரு பெரிய படத்தைப் பற்றி நீ எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "இந்தப் படத்தில் நகரம் மூன்று முறை இடிகிறது. இடிபாட்டை அள்ளுகிற ஒருவரைக்கூடக் காணோம்." படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். உன் வாசகர்கள் உன்னை ஆண் என்றே நினைத்து "அண்ணே" என்று பின்னூட்டம் போடுவார்கள். திருத்தச் சொன்னால், "இருந்துட்டுப் போட்டும்க்கா, அண்ணன்னா சண்டைக்கு வரமாட்டாவ" என்பாய்.

பொம்மையில் முகத்தைப் பார்க்காதே என்று சொன்னதும் நீதான். "மொகம் ஆருன்னாலும் தீட்டிருவாவ. கையப் பாருங்க. கை நல்லாருந்தா செஞ்சவன் மனசு வச்சிருக்கான்னு அர்த்தம்." அதற்குப் பிறகு ட்ரேயில் வரும் கைகளை நான் பார்த்த விதமே மாறிப்போனது.

உனக்கு மிகவும் பிடித்தவள் அந்தத் தையல்காரி. சிறகு வைத்த நாயகனின் உடை ஒவ்வொரு சண்டையிலும் கிழியும். ரயில்வே யார்டு ஓரத்தில் நிலவறையில் உட்கார்ந்து அவள் அதைத் தைத்துக் கொடுப்பாள். வாயில் ஊசி, கழுத்தில் இஞ்ச் டேப், விரல் நுனியில் ஊசி குத்தாமலிருக்க மாட்டிய இரும்புத் தொப்பி. ஒரு புத்தகத்துக்கு மூன்று கட்டம், நான்கு கட்டம் வருவாள், அவ்வளவுதான். நாயகனுக்கு விதவிதமாகப் பொம்மை வந்தது. அவனுடைய நாய்க்குக்கூட வந்தது. அவளுக்கு மட்டும் வரவேயில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நீ இதைப் பற்றி ஒரு புலம்பல் எழுதுவாய். வாசகர்கள் கிண்டல் செய்வார்கள். "சண்ட போடுதவனுக்குப் பொம்ம உண்டு. அவன் சட்டயத் தச்சுக் குடுக்கவளுக்கு இல்லன்னா என்னக்கா நியாயம்?" என்று என்னிடம் வந்து கேட்பாய், நான்தான் அந்தப் பொம்மைகளுக்கெல்லாம் முதலாளி மாதிரி.

பிறகு அந்த மேலங்கி விவகாரம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பறக்கிறவனின் மேலங்கி இந்த முறை சிவப்பில்லை, எங்கள் லைனில் சாம்பல் நிறத்தில் ஓடுகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். நீ அதைக் "கேள்விப்பட்டது" என்று இரண்டு வரியில் போட்டாய். எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுக்காரன் அதைப் பார்த்து மொழிபெயர்த்துப் பரப்பிவிட்டான். மூன்றாம் நாள் எங்கள் லைனில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டது யார் என்று விசாரித்தார்கள். எங்கள் லைனில் பதினான்கு வருஷமாக இருப்பவள் நான். என் முறை வந்தபோது எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யார் என்று தெரியாததால் எங்களைப் பிரித்துப் போட்டார்கள். சோதனை மேசையிலிருந்து என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு ஏழு மாசம் நின்றேன்.

பத்து நாள் நான் உன்னோடு பேசவில்லை. நீ படியில் இறங்கும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். பதினோராம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால், வாசலில் யூனிஃபார்மோடு நிற்கிறாய். அழுதிருந்தாய். அந்த இரண்டு வரியையும் அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னாய். பிறகு சொன்னாய்:

"இனிமே உங்க கம்பெனி சேதி ஒண்ணும் எங்கிட்ட சொல்லாதிய. நானே கேட்டாலும் சொல்லப்பிடாது. சத்தியம் பண்ணுங்கக்கா."

பஸ் வந்துவிட்டது. சத்தியம் பண்ணிவிட்டு ஓடினேன்.

சோதனை மேசைக்குத் திரும்பி இரண்டு மாசம் ஆகியிருக்கும். புது அச்சு ஒன்று இறங்கியது. முதல் உருப்படிகள் ட்ரேயில் என் மேசைக்கு வந்தன. வழக்கம்போல எண் மட்டும்தான். எல்லாம் வலது கை, ஒரு பெண்ணின் கை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒன்றை எடுத்து விளக்கடியில் திருப்பினேன். நடுவிரல் நுனியில் ஒரு குட்டித் தொப்பி இருந்தது.

அந்த லைனில் அது யாருடைய கை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வாய் வரைக்கும் வந்துவிட்டது. சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் முடிவெடுத்தேன்: சொல்லக் கூடாது. ஆறேழு மாசத்தில் கடைக்கு வந்துவிடும். வந்த அன்றைக்கே வாங்கி உன் ஜன்னல் கட்டையில் பன்னிரண்டாவதாக வைத்துவிட்டு, நீ ஷிப்டு முடிந்து வருகிறவரை கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். உன் முகத்தை நினைத்து நினைத்து அந்த மாசமெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். லைனில் கூட யாரோ இன்னாக்கா விசேஷம் என்று கேட்டார்கள்.

உனக்குக் காய்ச்சல் அந்த மாசம்தான் தொடங்கியது. விட்டுவிட்டு வந்தது. வாலாஜாபாத்தில் ஒரு டாக்டர், காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர், கடைசியில் சென்னைப் பெரியாஸ்பத்திரி. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். உன் அண்ணன் ஊரிலிருந்து வந்து கூடவே தங்கினார். வாரம் ஒருமுறை வந்து பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் கட்டில் பெரிதாகிக்கொண்டே போவது போலிருந்தது.

கடைசியாக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார். நீ கண்ணை மூடியிருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்தேன். திடீரென்று கேட்டாய்.

"உங்க லைன்ல இப்ப என்னக்கா ஓடுது?"

நானே கேட்டாலும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவள் நீ. ஆனால் சத்தியத்துக்குப் பயந்து நான் பேசாமல் இருக்கவில்லை. வேலை போய்விடும் என்றும் பயப்படவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு நீ யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாய்? பொம்மை கடைக்கு வர இன்னும் மூன்று மாசம் இருந்தது. இப்போதே சொன்னால், அந்த மூன்று மாசம் உனக்கு இல்லை என்று நானே என் வாயால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் நீ இருந்தே தீர வேண்டும் என்று ஒரு முட்டாள் கணக்கு.

"இன்னா ஓடும், கார் கிளிப்புதான்" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். சிரித்தாய். "நல்லது. சொன்ன சொல்லக் காப்பாத்துதிய" என்றாய். பிறகு உண்மையிலேயே தூங்கிப்போனாய்.

எட்டு நாள்தான்.

அன்றைக்கு அவசரச் சரக்கு. ஆள் போதவில்லை என்று என்னையும் பேக்கிங்கில் நிற்க வைத்திருந்தார்கள். போன்களை எல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஷிப்டு முடிந்து போனை வாங்கிப் பார்த்து நான் திரும்பக் கூப்பிட்டபோது, உன்னை ஏற்றிக்கொண்டு வண்டி திண்டிவனம் தாண்டிவிட்டது. அந்த எட்டு மணி நேரமும் நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது அவளைத்தான். முழு உருவமாக அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன். அழகாக இருக்கிறாளே என்று நினைத்தேன். அப்போது நீ இல்லை.

மறுநாள் நான் அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசல் கழுவி விட்டிருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாடிவீட்டு அக்கா நீங்கதானா" என்று கேட்டார்கள். மாடியில் இருந்தவள் நீ, நான் கீழ்வீடு என்று சொல்லத் தோன்றவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்று மாசம் கழித்துச் சொன்னபடி பொம்மை கடைக்கு வந்தது. அவள் வருகிற படமும் வந்தது. காஞ்சிபுரத்தில் மத்தியான ஆட்டத்துக்கு நான் மட்டும் போனேன். என் வயசில் இந்தப் படத்துக்குத் தனியாக வந்தவளை டிக்கெட் கிழிப்பவர் ஒரு மாதிரி பார்த்தார். அவள் வருவது மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். அதிலும் பாதி நேரம் நாயகன்தான் பேசுகிறான். எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் அந்த நேரம் பார்த்து பாப்கார்ன் வாங்க எழுந்து போனார்கள். அவள் ஊசியில் நூல் கோக்கிறாள், பல்லால் கடித்து அறுக்கிறாள், அவ்வளவுதான். நடித்தவள் நன்றாகச் செய்திருக்கிறாள். ஆனால் தையல் மிஷினை மிதிக்கும்போது கால் ஒரு வேகத்தில் போகிறது, துணி ஒரு வேகத்தில் போகிறது. நீ இருந்தால் அதை வைத்தே ஒரு பக்கம் எழுதியிருப்பாய்.

வீட்டுக்கு வந்து உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உன் கடைசிப் பதிவுக்குக் கீழே, "அண்ணே, உங்க தையல்காரிக்குப் பொம்மை வந்துருச்சு, பாத்தீங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், "அண்ணனைக் காணோமே" என்று போட்டிருந்தார். எனக்குப் போனில் தமிழ் எழுதிப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினேன்: "இதை எழுதியவர் அண்ணன் இல்லை. ஒரு பெண். மூன்று மாசத்துக்கு முன்னால் இறந்துவிட்டார்."

நிறையப் பேர் வருத்தம் தெரிவித்தார்கள். கிண்டல் செய்தவர்களும்தான். ஒருவர் மட்டும், "நீங்க யாரு?" என்று கேட்டார். வீட்டுக்காரி என்று எழுதினால் சரியில்லை. அக்கா என்றால் நம் இருவருக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி, எந்த அக்கா என்று கேட்பார்கள். தோழி என்று எழுதப் பதினைந்து வயசு வித்தியாசம் தடுத்தது. கடைசியில், "அவர் எழுதுவதை முதலில் படிப்பவள்" என்று எழுதினேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். பொம்மைக்குக் கழுத்துப் பக்கம் சாயம் கொஞ்சம் தடித்துவிட்டது, முகம் நீ சொன்னதுபோல யாரும் தீட்டுகிற முகம்தான். கை மட்டும் நன்றாக வந்திருக்கிறது. ஒரு பிசிறு கிடையாது. என் மேசையைத் தாண்டிப்போன ஒவ்வொரு கையையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

இந்த ஊரில் எனக்குச் சொந்தக்காரர்கள் தெருவுக்கு ஒரு வீடு இருக்கிறார்கள். யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. சொன்னால், ஒரு பொம்மைக்காகவா என்பார்கள். கம்பெனி பஸ்ஸில், லைனில், குழம்பு தாளிக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் அது வாய் வரை வந்து நிற்கிறது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சொல்லியிருக்க வேண்டிய மூன்றே வார்த்தை. அப்படியே வைத்திருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை.

உன் தையல்காரி வர்றாடி.