எரியாத டின்

28 ஜனவரி 1991, திங்கள்

இன்று என் கணவரின் வலது புருவம் கருகிவிட்டது. பிரேக் கழுவும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே பக்கத்தில் கிரைண்டரைப் போட்டிருக்கிறார். பொறி பறந்து குப்பென்று பற்றியது. நான் சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லண்டன் சவுத்தாலில் இந்தக் கராஜை எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை. கார் திருத்துவது அவர், சாமான் வாங்குவது நான். ஆள் போனால் கராஜ் எதற்கு?

30 ஜனவரி

உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சுப்பிரமணியன் மதுரைப் பக்கம்; பொறுமையாக விளக்கினார். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊறி இறங்கும் மெல்லிய எண்ணெய். கதவுக் கீலுக்கு வெள்ளைக் கிரீஸ். ரப்பருக்கு சிலிக்கோன். பிரேக்கில் எண்ணெயே படக்கூடாது, கழுவும் ஸ்ப்ரே மட்டும். எங்கள் வீட்டுக்காரரோ எல்லாவற்றுக்கும் ஒரே டின்னைத்தான் அடிக்கிறார்.

"கழுவுறதிலை எரியாதது இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. இந்தச் சிவப்பு டின். தீக்குச்சியக் காட்டினாலும் பத்தாது."

ஒரு பெட்டி வாங்கினேன். நிம்மதி.

2 பெப்ரவரி

சிவப்பு டின்னுக்கு எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் ஓடிவிடுகிறது. அவரே மெச்சினார்.

8 பெப்ரவரி, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

கடும் பனி. குளிருக்குக் கராஜ் கதவைச் சாத்தியிருந்தோம். ஒரு பழைய வான் வண்டியின் அடிச்சட்டத்தைச் சிவப்பு டின்னால் கழுவி, உடனே வெல்டிங் பிடித்தார். வெள்ளைப் புகை. இருமிக்கொண்டு வெளியே ஓடினார். "மூக்கெல்லாம் எரியுது" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்து வேலையைத் தொடர்ந்தார். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார்.

பின்னேரம் நெஞ்சைத் தடவினார். "குளிர்க் காத்து. விட்டிடும்."

எனக்கு மனம் கேட்கவில்லை. டின்னை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், பொடி எழுத்தில்: வெல்டிங் செய்யும் இடத்தில் பாவிக்க வேண்டாம், சூடு பட்டால் நச்சு வாயு உண்டாகும். ஏன் இதை முதல் வாசிக்கேல்லை நான்? எரியாது எண்டதை மட்டும் பாத்தனே –

"இஞ்சருங்கோ, வெளிக்கிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"எனக்கு ஒண்டுமில்லை, கௌரி. ஆக்கள் வானை எடுக்க வந்திடுவினம்."

மெயின் சுவிட்சை நிறுத்தினேன். போன் எடுத்தேன்; அம்புலன்ஸ் பனியில் பிந்தும் என்றார்கள். எங்கள் காரை நானே ஓட்டினேன். பாதி வழியில் அவருக்குப் பேச மூச்சுப் போதவில்லை. கார்ச் சில்லு வழுக்க வழுக்க, அவரைப் பார்ப்பதா வீதியைப் பார்ப்பதா?

9 பெப்ரவரி

நேற்று நான் கொண்டுபோன டின்னை வாங்கி வாசித்த டொக்டர், அந்த நஞ்சைப் பற்றிக் கேட்க உடனே போன் எடுக்க ஓடினாள். அந்தப் புகை முதலில் சும்மா விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோர்க்க வைக்குமாம். "வீட்டில் படுக்க விட்டிருந்தால்..." என்று தொடங்கினாள்.

அவர் முகத்தில் ஒக்சிசன் மாஸ்க். "நான்தானே அதை வாங்கினது" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பா, கோபமா?

10 பெப்ரவரி

அப்படியேதான்.

13 பெப்ரவரி

மாஸ்க்கைக் கழற்றினார்கள். அவர் முதல் கேட்டது, "சாப்பிட்டனீரோ?" வெளியே போய் அழுதேன்.

அந்தச் சூட்டோடு சுப்பிரமணியனிடம் சண்டைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டின்னின் பின்பக்கத்தை வாசித்தார். முகம் வெளிறிவிட்டது. "நான் நெருப்ப மட்டுந்தாம்மா நெனச்சேன்."

"நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றேன். அதற்குமேல் சண்டை வரவில்லை.

25 மார்ச், திங்கள்

கராஜுக்கு இன்றுதான் வந்தார். படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. சின்ன வேலை ஒன்று மட்டும் செய்யட்டும் என்று, ஒரு சைலன்சர் தாங்கியை நானே கழுவி வைத்திருந்தேன். கதவை முழுக்கத் திறந்துவிட்டேன்.

வெல்டிங் பிடிக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"இதை எதாலை கழுவினனீர்?"

"சோப்புத் தண்ணி. துடைச்சுக் காயவும் விட்டனான்."

விரலால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார்.

"அப்ப துவங்கட்டோ?"

இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. ஓம் என்றேன். அவர் முகக் கவசத்தை இறக்கினார். நான் அங்கேயே நின்றேன்.