பூஜை சாமான் பெட்டியில் ஜப்பான் பேய்கள்

ஆகஸ்ட் 20, புதன்

காலையிலிருந்து மழை. வீட்டிலிருந்தே ஆபீஸ். மதியம் வரை மருந்து லேபிளில் கமா திருத்தினேன். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அமெரிக்காவுக்கே சொல்லித் தருகிறேன். வீட்டில் என் பேச்சை நாய்கூடக் கேட்காது. நாயும் இல்லை.

மதியம் ஒரு மெயில். ஓஹையோவில் ஒரு குட்டி டிஸ்க் கம்பெனி. ஜப்பானில் தியேட்டருக்கே போகாமல் நேராக வீடியோவில் வந்த மலிவுப் பேய்வீட்டுப் படங்களைத் தேடிப் பிடித்துப் புதிதாக வெளியிடுகிறார்கள். நடத்துகிறவர் பெயர் கெவின். எப்போதோ ஓர் இண்டர்நெட் ஃபோரத்தில் நான் எழுதியதைப் படித்திருக்கிறார். 'மாடிப்படிப் படம்' (நான் வைத்த பெயர்) அவர்களிடம் இருப்பது தேய்ந்த காப்பியாம். என் டேப்பை அனுப்பினால் காப்பி எடுத்துத் திருப்பித் தருவார்களாம். கூடவே, படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசி ஓர் ஆடியோவும் வேண்டுமாம். கணவரும் நானும் சேர்ந்து பார்த்ததாக எழுதியிருந்தேனாம். இரண்டு பேரும் பேசினால் ரொம்ப நன்றாக இருக்குமாம்.

மூன்று தடவை படித்தேன். பிறகு போய் சாதம் வைத்தேன்.

யோகோஹாமா. கல்யாணமான புதிது, ரமேஷுக்கு அங்கே ப்ராஜெக்ட். பக்கத்துத் தெரு வீடியோக் கடையை மூடும்போது டேப்புகளைக் கூடையில் கொட்டி விற்றார்கள். யாரும் சீண்டாத அடித்தட்டுச் சரக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரே வீடு, மூன்றே நடிகர்கள், பேய்க்கு மேக்கப் என்றால் முகம் நிறைய மாவு. கண்ணாடியில் மைக் தெரியும். ரமேஷ் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "திரும்பிட்டாளா? திரும்பிட்டாளா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பான். நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆளைத்தான் கெவின் கேட்கிறார். எனக்கும் அந்த ஆள்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ர.விடம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். புது வீட்டுக் கடன் விஷயமாக பேங்க்காரரோடு போனில் இருந்தான். வைத்துவிட்டு, அதையெல்லாம் இன்னுமா வச்சிருக்க, டொனேஷன்ல போட்டாச்சுன்னு நினைச்சேன் என்றான்.

"அக்கா வராங்க சுதா. பால் காய்ச்சற நேரத்துல பேய்ப் படமா?"

பேசுவியா மாட்டியா என்றேன். பார்க்கலாம் என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனுடைய 'பார்க்கலாம்' எதையும் நான் பார்த்ததில்லை.

வாங்க: பாக்கிங் டேப், பெரிய மார்க்கர், எங்கள் பெண் நிலாவுக்கு கெமிஸ்ட்ரி புத்தகம்.

ஆகஸ்ட் 23, சனி

நல்ல வெயில். நூவர்க் ஏர்போர்ட் போய் அக்காவைக் கூட்டிவந்தோம். ர.வின் மூத்த அக்கா. திருச்சியில் பேங்க் வேலை, ரிடையராகிவிட்டார். பெட்டியில் பாதி முறுக்கு, பாதி எனக்குப் பிடிக்காத கலரில் புடவை.

அக்கா வந்த நிமிடத்திலிருந்து ர.வை நான் 'வாங்க, போங்க' என்கிறேன். யாரும் சொல்லவில்லை, வாய் தானாக மாறுகிறது. நிலா இதைப் பார்த்து கண்ணை உருட்டுகிறாள்.

நான் கட்டி வைத்த பெட்டிகளை எல்லாம் அக்கா பிரித்து மறுபடி கட்டுகிறார். கிச்சன் பெட்டியில் ஏன் செருப்பு. செருப்புப் பெட்டியில் ஏன் குக்கர் வெயிட். நியாயமான கேள்விதான். எரிச்சல்தான் வருகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

அக்கா இன்று ஹால் க்ளோசெட் (சுவர் அலமாரி) வரை வந்துவிட்டார். என் பேய்ப் பட டேப் பெட்டிக்கு முன் இன்னும் இரண்டு பெட்டிதான்.

யோசித்தேன். இந்த வீட்டில் குளிக்காமல் யாரும் தொடாத, அனாவசியமாகப் பிரிக்காத ஒரே பெட்டி எது? மார்க்கரை எடுத்து 'பூஜை சாமான்' என்று நாலு பக்கமும் எழுதினேன். மேலே மஞ்சளில் ஒரு பொட்டு. உள்ளே தலைவிரி கோலத்தில் அத்தனை பேரும்.

அக்கா வந்தார். படித்தார். கால் படாமல் ஒதுங்கி அடுத்த பெட்டிக்குப் போனார். நாள் முழுக்க எனக்கு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அதை என் காரில் நானே எடுத்துப் போவதாக ஏற்பாடு.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

ஒரு வாணலி, ஒரு கரண்டி மட்டும் வெளியே. கொழுக்கட்டை பாதி விண்டு போனது. அக்கா விண்டதை எல்லாம் தன் தட்டில் போட்டுக்கொண்டார், சொல்லிக் காட்டவில்லை.

ஐயர் போன் செய்தார். புது வீட்டில் ஸ்மோக் டிடெக்டரை எல்லாம் பிளாஸ்டிக் கவரால் மூடி வைக்க வேண்டும். போன வாரம் எடிசனில் ஒரு ஹோமத்துக்கு ஃபயர் எஞ்சினே வந்துவிட்டதாம். பசு மாட்டுக்கு வழியில்லை, வெள்ளியில் பசுவும் கன்றும் போதும்.

ர.விடம் மறுபடி கேட்டேன். "இந்த நேரத்துல ஏன் பிடுங்கற?" நான் வேறு எந்த நேரத்தில் பிடுங்குவது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி. கிருகப்பிரவேசம்

புது வீட்டு மாடி க்ளோசெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பந்தி நடக்கிறது. பெயிண்ட் வாசனை.

காலையில் பூத்தொடுத்து, தலை பின்னி நான் வெளியே வருவதற்குள் ர. பெட்டிகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். புது வீட்டுக்குள் முதலில் பூஜை சாமான் போக வேண்டும். நமக்கு முன்னால், பாலுக்கு முன்னால். இது எனக்குத் தெரியாதா? என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். பொட்டு வைத்தவள் நான், எழுதியவள் நான். யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைத்த புத்திசாலி.

நான் போய்ச் சேரும்போது அது வலது காலை வைத்து நுழைந்தவன் கையால் பூஜை அறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில்.

ஹால் நிறைய ர.வின் ஆபீஸ் ஆட்கள். ஐயர் பசுவும் கன்றும் கேட்டார். ர. என் பெட்டியைக் கிழித்தான். நான் "அது இல்லைங்க" என்று சொல்வதற்குள் கையை விட்டு எடுத்துவிட்டான். மாடிப்படிப் படம். அட்டையில் சுவரைப் பார்த்து நிற்கும் ஈரத்தலைப் பெண். அடுத்ததில் ஜன்னல் நிறையக் கை. ஐயர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேண்டாம், அடுத்த பெட்டியப் பாருங்கோ" என்றார். யாரோ சிரித்தார்கள். யாரோடது ரமேஷ் என்று அவன் பாஸ் கேட்டார்.

ர. என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பினான்.

"தெரியல. பழைய வீட்டுக்காரங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க."

நிலாதான் வாயைத் திறந்தாள். "தட்ஸ் நாட் ட்ரூ, அப்பா. தோஸ் ஆர் அம்மாஸ்."

என்னோடதுதான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். ர. கவர் போட்ட ஸ்மோக் டிடெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா குனிந்து டேப்புகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினார். "சொல்லியிருந்தா நானே தனியா வச்சிருப்பேன்ல" என்றார். அவ்வளவுதான். ஐயர் பெட்டிமேலும் கொஞ்சம் ஜலம் தெளித்து, நேரம் போறது என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் என் காரில் வைத்துவிட்டு வந்து பால் காய்ச்சினேன். பொங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பயந்து சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். சாமி குத்தம், அபசகுனம் என்று ஏதாவது. அவனுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. என்னை நினைத்துக் கூச்சப்பட்டான்.

ஆகஸ்ட் 30, சனி

முதல் நாள், முதல் காபி. டிகாஷன் இறங்கவில்லை.

ர.: ஜோக்குக்குத்தான் சொன்னேன். நீதான் பெருசு பண்ற. பூஜை சாமான்னு யாராவது எழுதுவாங்களா?

அது என் தப்புதான், ஒத்துக்கொண்டேன். அந்தப் படங்களை யாரோடு பார்த்தேன் என்று கேட்டேன். டம்ளரைக் கழுவப் போனான். ஆடியோவுக்கு உட்காருவாயா என்று கடைசி தடவையாகக் கேட்டேன்.

"நான் இப்ப கம்பெனில டைரக்டர், சுதா. ஆபீஸ்ல யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?"

நேற்று ஆபீஸே பார்த்துவிட்டது. இனி நினைக்க என்ன பாக்கி?

சாயந்திரம் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, அந்த ஈரத்தலை கதை என்ன என்று கேட்டார். கிண்டல் இல்லை, சும்மாதான். சொன்னேன். வாடகை கம்மி என்று ஒரு குடும்பம் குடிவருகிறது. மாடிப்படித் திருப்பத்தில் ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்கிறாள். யாரையும் ஒன்றும் செய்யவில்லை. முதலில் அலறுகிறார்கள், அப்புறம் பழகிவிடுகிறது. அவளை ஒதுங்கிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். அவள்மேல் துணி காயப்போடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்த வீட்டுக்காரியும் ஒருநாள் அங்கே போய் நிற்கிறாள், புருஷன் ஒதுங்கிக்கொண்டு ஏறிப் போகிறான்.

அக்கா கீரையைக் கீழே வைத்தார். "ஒருத்தருமே அவளச் சாப்பிடக் கூப்பிடலயா?" என்றார்.

நூறு பேர் எழுதிய ஃபோரத்தில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி.

செப்டம்பர் 2, செவ்வாய்

டேப்பை அனுப்பியாயிற்று. போஸ்ட் ஆபீஸ் பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். பழைய வீடியோ என்றேன். உடையுமா என்றாள். தெரியாது என்றேன்.

நிலாவுக்குப் பள்ளி திறந்தது. புது பஸ் ஸ்டாப், காலையிலேயே சண்டை. ர. பேசுகிறான்: கராஜ் ரிமோட், வெள்ளிக்கிழமை குப்பை, இண்டர்நெட்காரன். நானும் பேசுகிறேன்.

செப்டம்பர் 6, சனி

குளிர ஆரம்பித்துவிட்டது. ர. வாசலில் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பேஸ்மெண்டில் ரெக்கார்டிங்குக்கு உட்கார்ந்தேன். கெவின் அனுப்பிய தேய்ந்த காப்பி, லேப்டாப், நிலாவின் மைக். இங்கிலீஷில் பேச வேண்டும். முதல் பத்து நிமிடம் மருந்து லேபிள் படிப்பதுபோல் வந்தது.

அக்கா ஒரு கிண்ணம் பொரியோடு இறங்கி வந்தார். ஒன்றும் கேட்காமல் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தார். ரெக்கார்டிங் ஓடுகிறது என்று சைகை காட்டினேன், தலையாட்டினார். தலையாட்டிவிட்டு சத்தமாக, "அந்தப் பையன் ஏன் லைட்டப் போடாமப் போறான்?" என்று தமிழில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொன்னேன். பிறகு இங்கிலீஷில் அதையே சொன்னேன். அப்புறம் நன்றாகவே வந்தது. அந்த யோகோஹாமாக் கடை, கூடை, கண்ணாடியில் மைக், எல்லாம் சொன்னேன். போர்வையை மட்டும் சொல்லவில்லை.

படம் முடிய இன்னும் கொஞ்சம்தான். ர. பேஸ்மெண்ட் படியில் பாதி இறங்கி நின்றான்.

"சத்தத்தக் குறை சுதா. அக்கா பயப்படுவாங்க."

வெளிச்சத்திலிருந்து வந்ததால் சோபாவில் இருந்த அக்காவை அவன் பார்க்கவில்லை. அக்கா வாயில் பொரியோடு அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவன் மேலே ஏறிப் போய்விட்டான்.

அக்கா: "சின்ன வயசுல இவன் பாத்ரூம் போறதுக்கே நான் வெளிய நிக்கணும்." பிறகு, "ஓட்டு, ஓட்டு" என்றார்.

முடித்து அனுப்பினேன். கேட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மேகமூட்டம். கமா, கமா. மதியம் கெவின்.

டேப் பத்திரமாக வந்தது, படம் பளிச்சென்று இருக்கிறது. ஆடியோ ரொம்பப் பிடித்திருக்கிறது. நடுவில் ஒரு அம்மாள் வேறு மொழியில் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறார், அது அற்புதம், அப்படியே வைக்கலாமா, என்ன பெயர் போடுவது? கடைசிக்குப் பக்கத்தில் ஒரு ஆணின் குரல், ஒரே ஒரு வரி. அவர்தான் உங்கள் கணவரா? அவரை வைக்கவா, எடுக்கவா?

அக்காவிடம் கேட்டேன். என் பேரு எதுக்கு என்றார். பிறகு முழுப் பெயரையும், இனிஷியலோடு, நான் சரியாக எழுதுகிறேனா என்று பக்கத்தில் நின்று பார்த்தார்.

கெவினுக்கு பதில் போட்டேன். அந்த அம்மாளை ஒரு வார்த்தை விடாமல் வையுங்கள். ஆமாம், அது என் கணவர்தான். எடுத்துவிடுங்கள்.