சத்துணவுக் கூடத்தின் பின்கதவு

நனைந்த சாக்கு தீயில் கருகினால் ஒரு வாசனை வரும். மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போட்டதுபோல என்றால் கொஞ்சம் பொருந்தும். சென்ற சனிக்கிழமை நம் பள்ளி மைதானத்தில் அந்த வாசனை வந்தது. நிதி திரட்டுவதற்காக ஆண்டுதோறும் நடத்தும் உணவுத் திருவிழா. கடைகள் திறப்பதற்கு முன், தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு கேஸ் சிலிண்டரின் குழாய் முனையில் தீ வைத்து, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்னாள் தலைமை ஆசிரியை என்பதால் எனக்கு முன் வரிசையில் நாற்காலி. எனக்கு அந்த வித்தை புதிதில்லை. அங்கிருந்து முப்பதடி தள்ளி, சத்துணவுக் கூடத்துக்குள் நீங்கள் அதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

'நீங்கள்' என்று எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. பதினோரு ஆண்டுகள் நம் பள்ளியில் சமைத்தீர்கள். பிள்ளைகளும் ஆசிரியர்களும் உங்களை 'அக்கா' என்றார்கள். நான் 'இந்தாம்மா' என்றேன். உங்கள் பணிப்பதிவேட்டைப் பார்த்தபோதுதான் என்னைவிட நீங்கள் நாலு மாதம் மூத்தவர் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் 'இந்தாம்மா' என்றே கூப்பிட்டேன். தலைமை ஆசிரியை நாற்காலிக்கு அப்படி ஒரு வியாதி உண்டு.

செத்துப்போனவர் என்பதற்காக உங்களைத் தங்கமான குணம் என்று எழுதப் போவதில்லை. உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொன்ன கணக்கு வாத்தியாருக்கு ஒரு வாரம் முழுக்கத் தாளில் உப்பை மடித்துத் தனியாகக் கொடுத்தனுப்பினீர்கள். சிலமலையிலிருந்து முதல் பஸ்சில் வந்து இறங்கும்போதே யாரையாவது ஏசிக்கொண்டுதான் வருவீர்கள். ஆனால் அடுப்பு விஷயத்தில் உங்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. சிலிண்டர் மாற்றினால் முதலில் சோப்புத் தண்ணீரைக் குழாயின் இரண்டு மூட்டிலும் பூசுவீர்கள். குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். அதற்குப் பிறகுதான் தீப்பெட்டி. "சோப்புத் தண்ணி பூசாம எனக்குக் குச்சி ஒரச வராது டீச்சர்" என்று ஒருமுறை சொன்னீர்கள். அடுப்பு மேடையை ஒட்டி எப்போதும் ஒரு வாளித் தண்ணீரும் மடித்த அரிசிச் சாக்கும் இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைக் குப்பை என்று நினைத்து எடுக்கச் சொன்னார். நானும் எடுக்கச் சொன்னேன். அவர் ஜீப்பு கிளம்பிய மறு நிமிடம் சாக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இனி அந்தக் கதவுக்கு வருகிறேன்.

சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கதவுகள் இருந்தன. பள்ளிக்குப் பின்புறம் மேடு ஏறத் தொடங்கிவிடும். மலையில் வறட்சி கண்டால் குரங்குகள் இறங்கி வரும். பின்கதவு பழைய பலகைக் கதவு, தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒருநாள் ஒரு பெரும் கூட்டமே உள்ளே புகுந்து அன்றைய முட்டை மொத்தத்தையும் பாழாக்கியது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். முட்டை அதைவிட மோசம். தின்றதைக் காட்டிலும் சுவரில் அடித்தது அதிகம். நீங்கள் கரண்டியோடு கத்திக்கொண்டே நின்றீர்கள். அன்று மாலையே நான் ஒரு முடிவெடுத்தேன். சுற்றுச்சுவர் கட்டிய செங்கல் மிச்சம் கிடந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடைக்கச் சொன்னேன்.

நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள். வழக்கம்போல வாசலிலேயே நின்றீர்கள்.

"கம்பிக் கதவு போட்டாப் போதும் டீச்சர். உள்பக்கம் கொண்டி வச்சுக்கிறேன். கொரங்குக்குப் பயந்து மனுசிய வச்சு அடைக்கிறீங்களே."

கம்பிக் கதவுக்கு எழுதிப் போட்டு வருவதற்குள் வருஷம் ஆகும் என்றேன். அப்போதுதான் மலைக் கதையைச் சொன்னீர்கள். கல்யாணமான புதிதில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. குடியிருப்பு, லயம் எனப்படும் வரிசை வீட்டில். அடைமழையில் எதுவும் காயாது என்று எல்லோரும் ஈரத் துணியையும் ஈர விறகையும் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். பக்கத்து வீட்டில் அது அறுந்து அடுப்பில் விழுந்திருக்கிறது.

"ஒத்த வாசல் வீடு டீச்சர். வாசப்பக்கமே தீ. நாங்க வெளிய நின்னு கத்துனோம், அவ்வளவுதேன். உள்ள மாட்டுனவளுக்கு என் வயசு."

கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கேட்கும்போது கைக்கடிகாரத்தையும் பார்த்தேன், அதுவும் நினைவிருக்கிறது. கொத்தனார் மறுநாள் வேலையை முடித்துவிட்டார். குரங்கும் வரவில்லை. என் நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதே வருஷம் உணவுத் திருவிழா வந்தது. நாம் இருவரும் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. வடை சூடாக வேண்டும் என்று பெற்றோர் சங்கத்தார் ஆசைப்பட்டார்கள். பாத்திர வாடகைக் கடையிலிருந்து தரையில் வைக்கும் ஒற்றை அடுப்பு ஒன்று வந்தது. அதைக் கூடத்தின் வாசலை ஒட்டி உட்பக்கம் வைத்தார்கள். பக்கத்திலேயே சிலிண்டர். வாடகை அடுப்பின் குழாயைப் பார்த்ததுமே உங்கள் முகம் மாறியது. நம் ஊரில் விசேஷச் சமையல் என்றால் முதல் அடுப்புக்குச் சூடம் காட்டித்தானே தொடங்குவோம்? சிறப்பு விருந்தினராக வந்த ஏலக்காய் வியாபாரி வாசலில் நின்றார். எனக்குப் பக்கத்தில் தட்டில் சூடம் தயார்.

"ஒரு நிமிசம் டீச்சர், சோப்புத் தண்ணி கரைச்சுட்டு வர்றேன்."

"நேரமாச்சும்மா. அவருக்கு வேற சோலி இருக்கு."

"சூடம் எங்கயும் ஓடிப்போகாது. குழாயப் பாத்துக்கிறேன், பொறவு காட்டுங்க. சாமி கோவிச்சுக்கிறாது."

கரைப்பதற்காகத் திரும்பி உள்ளே போனீர்கள். விருந்தினர் முன்னால் ஒரு சமையல்காரி என்னைக் காக்க வைப்பதா என்று தோன்றியது. தோன்றியதைத் தோன்றியபடியே எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக்கு எரிதல் பாடம் நடத்திய நான், சூடத்தைக் கொளுத்திக் குனிந்து அடுப்புக்குக் காட்டினேன்.

குழாய் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. 'புஸ்' என்று ஒரு சத்தம். நிலைக்கதவு உயரத்துக்குத் தீ. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பத்தடி ஓடிய பிறகுதான் உள்ளே நீங்கள் இருப்பது நினைவுக்கு வந்தது. "பின்பக்கமாப் போய்த் தூக்குங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். நாலு பேர் ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். "அங்க செவருல்ல இருக்கு!"

தீயின் இடைவெளியில் நீங்கள் தெரிந்தீர்கள். நீங்களும் முதலில் பின்பக்கம்தான் திரும்பினீர்கள். ஒன்பது வருஷம் போய் வந்த வழி அல்லவா, உடம்பு தானாகத் திரும்பியிருக்கும். செங்கல்லைப் பார்த்தீர்கள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி வாளியில் சாக்கை முக்கினீர்கள். முகத்துக்கு முன்னால் அதை விரித்துப் பிடித்தபடி நடந்து வந்து குழாயின்மேல் போட்டு, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறுகையால் சிலிண்டரின் திருகை மூடினீர்கள். அவ்வளவுதான். ஒரு வடை வேகும் நேரம்கூட ஆகியிருக்காது. வலது முன்கை தோல் உரிந்திருந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்தீர்கள். ஏசுவீர்கள் என்று காத்திருந்தேன். "பிள்ளைகள எட்ட நிக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

இரண்டு நாள் கழித்து நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது. தலைமை ஆசிரியையின் சமயோசிதத்தால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது என்று, என் படத்தோடு. நிருபரிடம் நான் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் சங்கத்தார் சொன்னார்கள், பள்ளிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று. ஆனால் நான் மறுக்கவும் இல்லை. மறுத்தால் சூடம் காட்டியது யார் என்ற கேள்வி வரும். உழைப்பு ஓரிடம், பேர் ஓரிடம். செய்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கையில் கட்டோடு நீங்கள் அதன் முன்னால் நின்று வரி விடாமல் படித்தீர்கள். நான் அந்த வழியாகத்தான் வர வேண்டியிருந்தது.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு டீச்சர்" என்றீர்கள். கேலியா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பேரு உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு அந்தக் கதவத் தொறந்து குடுங்க."

"பாப்போம்" என்றேன்.

திருவிழாவில் சேர்ந்த நிதி கலையரங்கத்துக்குக் கூரை போடப் போனது. கொடுத்தவர்கள் கூரையைத்தான் விரும்பினார்கள். கூரையில் பெயர் எழுதலாம், பின்கதவில் யார் எழுதுவார்கள்? அதன் பிறகு நான் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். "டீச்சர், கதவு?" வேறெதுவும் இல்லை. முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. கடைசி வருஷம் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுத அரை மணி நேரம் போதும். அடைக்கும்போது நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதால், திறக்க எழுதினால் அதுவும் வெளியே வரும். கேட்டுக் கேட்டு நீங்கள் ஓய்ந்தீர்கள். கிணற்றில் போட்ட கல்லாக நான் கிடந்தேன்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். சிலமலைக்கு வந்திருந்தேன். மாலைக்குக் கீழே வலது முன்கையில் தழும்பு தெரிந்தது. உங்கள் மருமகள் என்னைப் பார்த்ததும், "அத்த உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாங்க" என்றாள். என்ன பேசினீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை, சாக்கு வித்தை முடிந்ததும் என்னை ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார்கள். அந்தக் காலத்திலேயே நெருப்பை அணைத்த வீரத் தலைமை ஆசிரியை என்று இப்போதைய தலைமை ஆசிரியர் அறிமுகம் செய்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் சொல்லிவிட்டேன். அணைத்தது நானில்லை, பற்ற வைத்தது நான், ஓடியதும் நான், அணைத்தது சத்துணவு அக்கா என்று சொன்னேன். 'அக்கா' என்று என் வாயில் வந்தது அதுதான் முதல்முறை.

 உடனே மைதானம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. எனக்கு! "எவ்வளவு பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்று தலைமை ஆசிரியர் தழுதழுத்தார். ஒரு சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். உண்மையைச் சொன்னதற்கான பெருமையும் என் கணக்கிலேயே விழுந்தது. உங்கள் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேர் நடுவில் எனக்கு வெட்கமாக இருந்தது, சால்வையை எடுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது. எறியவில்லை.

கீழே இறங்கியதும் இப்போது சமைக்கிற பெண் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். தேவாரம் ஊர்க்காரி. அவள் கைதட்டவில்லை, நான் கவனித்தேன்.

"நல்லாப் பேசுனீங்க டீச்சர். அந்தச் செவரு இன்னும் அப்பிடியேதேன் இருக்கு. நாந்தேன் இப்ப உள்ள நிக்கிறேன்."

அவளிடமும் 'பாப்போம்' என்று சொல்ல வாய் எழுந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த மடலுக்கு முன்னால் இன்னொரு கடிதத்தை எழுதி முடித்தேன். சத்துணவுக் கூடத்தின் பின்வாசலைத் திறந்து, உள்ளே கொண்டி வைத்த கம்பிக் கதவு போட அனுமதி கேட்கும் கடிதம். நான் சொன்னதுபோலவே அரை மணி நேரம்தான் ஆனது. அடைப்பதற்கு அனுமதி வாங்கவில்லை என்பதையும், சோப்புத் தண்ணீருக்குக் காத்திராமல் சூடம் காட்டியதையும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் நேரில் கொடுப்பேன், கிடைக்கும்வரை வாரம் ஒருமுறை போய்க் கேட்பேன். எப்படிக் கேட்பது என்று உங்களிடம் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துக்குக் கீழே ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டு, கதவை அடைக்கச் சொன்னவள் என்று எழுதியிருக்கிறேன், அக்கா.