ஒன்பது நாள் மழை

கணவாய் மழைநிலையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதுவதுதான் முறை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த அளவில் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுத்தான் டீ குடிக்கிறாரா? நீங்கள் எழுதிய நான்கு கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் எழுதாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தாளை எடுப்பேன், தேதி போடுவேன், அப்படியே உட்கார்ந்திருப்பேன். அதற்குள் பஸ் போய்விடும்.

அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. வாய்விட்டு அழுதாயா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை அக்கா. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல இருக்கிறது. நடக்கிறேன், தரைதான் தெரியவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். உப்பு போட்டேனா என்ற சந்தேகம் தட்டைக் கழுவும்போதுதான் வருகிறது.

“மனுஷன் இருக்கிற இடமா அது? அங்க எதைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?” என்று அத்தான் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அவளுக்கும் கல்யாணம் முடிந்து இங்கே வந்த இரண்டு நாளும் நீங்கள் இருவரும் கம்பளிக்குள்ளேயே கிடந்தீர்கள், மலையைப் பார்க்கவே இல்லை. அதனால் சொல்கிறேன். இந்த மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மேகம் மேற்கிலிருந்து வரும். ஏற முடியாமல் மேற்குச் சரிவிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே போகும். நான் இருக்கும் கணவாய் இரண்டுக்கும் நடுவில். மேற்கே கூரைகள் செங்குத்தாக இருக்கும், சுவரெல்லாம் பாசி, பார்த்த இடமெல்லாம் உருளைக்கிழங்கு வயல். கிழக்கே அரைமணி நேரம் பஸ்ஸில் இறங்கினால் முள்செடியும் ஆடும் தட்டைக் கூரையும்தான். மேற்குக்காரர்கள் மழைச் சத்தத்தை மீறிப் பேசியே பழகியவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் கத்துவார்கள். கிழக்குக்காரர்கள் வாயைத் திறந்தால் தூசி புகுந்துவிடும் என்பது போல இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். பஸ்ஸில் யார் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அவள் கிழக்குப் பக்கம். இருபத்திரண்டு வருடம் ஆகியும் இந்த ஈரத்தோடு அவள் ராசியாகவில்லை. மழைக்காலத்தில் துவைத்த துணியை மூட்டை கட்டிக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாள். கீழே அவள் தங்கை வெயிலில் உலர்த்தி மறுநாள் பஸ்ஸில் திருப்பி அனுப்புவாள். “உங்க வீட்டுத் துணி போற அளவுக்கு நீங்க ஊருக்குப் போறதில்லையேம்மா” என்று கண்டக்டர் கேலி செய்வார். அவளை அடக்கம் செய்த மறுநாள், கடைசியாகப் போயிருந்த மூட்டை உலர்ந்து வந்தது. கண்டக்டர் அதை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் நான் அதைப் பிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, உள்பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, இத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அவள் மூச்சு நின்ற அன்று எட்டரைக்கு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே போகவில்லை. சாயங்காலம் பதிவேட்டை எடுத்து முப்பத்தெட்டு என்று எழுதினேன். முந்தைய நாள் நாற்பத்தொன்று இருந்தது, அவ்வளவுதான் காரணம். மறுநாளும் போகவில்லை, முப்பத்தைந்து என்று போட்டேன். இப்படியே ஒன்பது நாள். மேற்குப் பாதையில் மண் சரிந்து, நீங்கள் அடிவாரம் வரை வந்து திரும்பிப் போனீர்களே, அந்த நாட்கள்தான். தகரக் கூரையில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. எழுதிய எண் எதுவும் நாற்பதைத் தாண்டவில்லை.

பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பாட்டில் நிரம்பி, வெளி உருளையும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அப்போதாவது அளந்திருக்கலாம். வழிந்தது என்று ஒரு வார்த்தையாவது எழுதியிருக்கலாம். புல்லில் கொட்டிவிட்டேன் அக்கா. கொட்டி, கழுவி, துடைத்து வைத்துவிட்டு வந்தேன். எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

போன மாதம் வரை யாரும் அதைக் கேட்கவில்லை. போன மாதம் மண் ஆய்வு இன்ஜினியர் ஒருவர் வந்தார். மேற்குச் சரிவின் உச்சியில் ஒரு குடியிருப்பு இருக்கிறது, முப்பத்தாறு வீடுகள். அடுத்த மழைக்கு முன் அவர்களைக் கீழே மாற்றுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வந்தவர் அவர். என் சமையலறை மேசையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினார். “ஒரு வாரத்துல ஒரு அளவுக்கு மேல பேஞ்சாதான் அந்த மண்ணு நகரும். உங்க கணக்குல எந்த வருஷமும் அந்த அளவுக்கு வரல. மேல இருக்கறவங்க இருந்துக்கட்டும்” என்றார். எழுதாமல் விட்டுப்போன வாரம் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுவார்களாம். “நீங்க ஒரு நாள்கூட விடல, அபூர்வம்தான்” என்று என்னைப் பாராட்டவும் செய்தார். நான் அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பால்காரம்மா தினமும் எனக்குப் பால் கொண்டுவருவார். மறுநாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உங்க புண்ணியத்துல எங்க வீடு வாசல் தப்பிச்சுதுங்க” என்று சொல்லிவிட்டுக் கூடுதலாக ஒரு செம்புப் பால் ஊற்றினார். வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாலைக் காய்ச்சினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எதற்கென்றே தெரியாமல் மேலே ஏறிப் போனேன். பால்காரம்மா வீட்டுக் கதவு சாத்தமாட்டேன் என்றது. “போன மழையில இருந்தே இப்பிடித்தான். மரம் ஊறிப்போச்சு” என்றார். ஏழு மாதம் வெயிலில் காய்ந்த மரம் ஊறியிருக்காது அக்கா, அடியில் மண் நகர்ந்து கதவு நிலை கோணியிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வயலின் குறுக்கே ஒரு வெடிப்பு. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை இறங்கியது. அதன்மேல் பலகை போட்டு ஆட்களும் ஆடுகளும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “வெளிய சொல்லிறாதீங்க. எங்களக் கீழ கொண்டுபோய் ஷெட்டுல அடைச்சிருவாங்க. ஆட்டை எங்க கட்டுறது, கெழங்கை எங்க போடுறது?” என்றார். பிறகு, “அந்த ஒம்போது நாளும் எங்க ஆளுங்க ஒருத்தர்கூட வந்து உங்கள எட்டிப் பாக்கல. அந்தக் கோவமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நேற்றுப் பால் வரவில்லை. இன்றும் வரவில்லை.

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று ஒன்பது வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘அளக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்துக்கும் இன்ஜினியருக்கும் விவரமாக எழுதிவிட்டேன். வேலை போகும். இந்த வீடு வேலையோடு சேர்ந்தது, அதுவும் போகும். என்னுடைய இருபத்திரண்டு வருடக் கணக்கையும் இனி ஒருவரும் நம்பப் போவதில்லை. அதற்காவது நெஞ்சு அடைக்க வேண்டும், அடைக்கவில்லை. அவர்கள் கீழே இறங்கினால் என்னைச் சபித்துக்கொண்டேதான் இறங்குவார்கள். இறங்கட்டும்.

அந்த இரண்டு கடிதங்களையும் இதையும் ஒன்றாக ரப்பர் போட்டுக் கண்டக்டரிடம் கொடுக்கப் போகிறேன். தனியாகக் கொடுத்தால் கடைசி நிமிடத்தில் கையை இழுத்துக்கொள்வேனோ என்று எனக்கே என்மேல் பயம். இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் அவையும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாடியறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்துவிடு என்று எழுதுவீர்கள். வருகிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஆறுதல் ஒன்றும் வேண்டாம். தெரிந்தே ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாயே, முப்பத்தாறு வீட்டிலும் மனிதர்கள் இல்லையா என்று கேளுங்கள். சின்ன வயதில் அப்பா பிரம்பை எடுத்தால்கூட நான் கல் மாதிரி நிற்பேன். நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து சொன்னால் போதும், உடனே அழுதுவிடுவேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நன்றாகத் திட்டி எழுதுங்கள் அக்கா.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி.