சக ஊழியர்கள் சார்பில்

ஏப்ரல் 5, வெள்ளி

அன்புள்ள ஷிவ்கா அக்காவுக்கு,

கலோயன் எழுதுவது. வர்னாவில் உங்கள் தங்கை வீட்டில் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கடல் காற்றுக்கு முழங்கால் வலி கொஞ்சமாவது விட்டதா? உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். இதுவரை கிழிக்கவில்லை என்றால் நன்றி.

குடிநீர் நிலையத்தில் எல்லாம் பழையபடிதான். ஆய்வகத்தில் உங்கள் நாற்காலியில் பிளெவெனிலிருந்து வந்த ஒரு பெண் உட்காருகிறாள். ஜன்னலில் நீங்கள் விட்டுப்போன ஜெரேனியத்துக்கு, பரிசோதித்து மிஞ்சிய தண்ணீரை ஊற்றுகிறாள். பூத்திருக்கிறது. மூன்றாம் வடிகட்டியின் கருவி மறுபடியும் தப்பான அளவு காட்டுகிறது. வாரம் ஒருமுறை திருத்துகிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். சாப்பிட்டேனா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ரலிட்சா போய் ஆறு மாதம். அவள் படம் போட்டுப் புது நினைவஞ்சலித் தாள் அச்சடிக்க வேண்டும். வீட்டுக் கதவுக்கும் தெருக்கம்பத்துக்கும் குடும்பத்தின் தாள். நிலையத்தின் வாசலுக்குச் சக ஊழியர்களின் தாள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குத் தெரியும், வேலையிடத்தில் நான் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரையும் போல அவளும் எனக்குக் கொலேஷ்காதான். சக ஊழியர் ஆணென்றால் கொலேகா, பெண்ணென்றால் கொலேஷ்கா. அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செக் நாட்டிலிருந்து பம்பு மாட்ட வந்தாரே ஒருவர், நினைவிருக்கிறதா? அவர் பேசியது நமக்குப் புரியவில்லை, நாம் பேசியது அவருக்குப் புரியவில்லை. "கொலேகோ, கொலேகோ" என்று முதுகில் தட்டியே மூன்று நாளில் வேலையை முடித்துவிட்டார். செர்பியர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், போலந்துக்காரர்களும் அப்படித்தான், ஹங்கேரிக்காரர்கள்கூட. லத்தீனிலிருந்து வந்த சொல் என்று ரலிட்சா சொன்னாள். "ரோமாபுரியில பதவியப் பங்கு போட்டுக்கிட்டவங்க ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டது. நீ என்னோட எந்தப் பதவியப் பங்கு போட்டுக்கிட்ட?" என்று கேட்டாள். சமையலறையிலும் விடமாட்டாள். "கொலேகா, விதிமுறைப்படி அந்த உப்ப இப்படித் தள்ளுங்க" என்பாள். நானும் சிரிப்பேன். ஷிப்டு பொறுப்பாளன் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு ஆய்வகத்திலிருந்து ரலிட்சாவின் போன் வந்தது. சுத்தமான தண்ணீரின் கலங்கல் அளவு அப்போது 0.3. அது இப்போதும் துல்லியமாக நினைவிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் இருந்தார், சோபியாவிலிருந்து வந்த இரண்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். "கலோயன், தல பொளக்குது. கண்ணு முன்னால புள்ளி புள்ளியாப் பறக்குது. நான் வீட்டுக்குப் போகட்டா?" என்றாள். பின்னால் உங்கள் குரலும் கேட்டது அக்கா. "நீ கெளம்புடி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு சொல்லு அவர்கிட்ட" என்றீர்கள். கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் சொன்னதை எழுதிவிடுகிறேன். "கொலேஷ்கா, ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் பாக்க விதி இல்ல. விடுப்பு வேணும்னா எழுதிக் குடுங்க. எல்லாருக்கும் ஒண்ணுதான்." இயக்குநர் ஆய்வாளர்களைப் பார்த்து, "பாத்தீங்களா, அது இவரோட வீட்டுக்காரம்மா! அவங்களுக்கே இந்தக் கதி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இந்த வார்த்தையை எழுதத்தான் ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

அவள் ஷிப்டை முடித்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை பரவாயில்லை என்றாள். சனிக்கிழமை காலை காப்பி போட எழுந்தவள் அடுப்பு முன்னாலேயே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இனி உங்களுக்குச் செய்தது. அவள் போனபோது ஒட்டிய சக ஊழியர்களின் தாளுக்குப் பெயர்களைக் கொடுத்து, "உன் கம்ப்யூட்டர்லயே அடிச்சிடு" என்றார்கள். முதல் பெயர் உங்களுடையது. அவளோடு ஏழு வருஷம் ஒரே மேசையில் இருந்தவர் வேறு யார்? அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். கைதவறி இல்லை. அந்த போன் பேச்சு தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்கள் பெயரைப் பார்க்க என்னால் முடியவில்லை. மறுநாள் வாசலில் மழையில் நின்று நீங்கள் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்ததை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடையை மடக்கிவிட்டு வேலைக்கு வந்தீர்கள். ஷிவ்கா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டாளா என்று ஆட்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று தோளைக் குலுக்கினேன்.

ரலிட்சாவின் அம்மாவும் கேட்டார். "கூடவே ஒக்காந்திருந்தவளுக்கு எம் பொண்ணு மொகம் வாடுனது தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்த ஒனக்குச் சொல்லக் கூடாதா?" என்றார். "ஷிவ்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல அத்தை" என்றேன். பச்சைப் பொய். நாற்பதாம் நாள் கல்லறையில் அத்தை எல்லோருக்கும் அவித்த கோதுமையைக் காகிதக் கிண்ணத்தில் கொடுத்துக்கொண்டு வந்தார். உங்களிடம் வந்ததும், "வேல நடந்தாப் போதும்னு இருந்தவளுக்கு இது எதுக்கு?" என்று தாண்டிப் போனார். நீட்டிய கையை நீங்கள் மெதுவாகக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டீர்கள். என்னை ஒரே ஒருமுறை பார்த்தீர்கள். நான் மெழுகுவர்த்தியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். பிப்ரவரியில் நீங்கள் ஊரை விட்டுப் போனபோதும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை அக்கா? சொல்லியிருக்கலாம்.

நேற்று அத்தை புதுத் தாளுக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தார். "இந்தத் தடவையும் அவ பேரு வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். நேற்றும்கூட.

ஏப்ரல் 8, திங்கள்

வெள்ளிக்கிழமை எழுதியதை அனுப்பவில்லை. உங்களிடம் மட்டும் ஒப்புக்கொண்டு, இங்கே நல்லவனாகவே இருந்துவிடுவேன் என்று தோன்றியது.

நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைக்காகக் கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். போனில் அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். தாளில் உங்கள் பெயரை எடுத்தது யார் என்பதையும் சொன்னேன். இயக்குநர் சிரித்ததை மட்டும் முதலில் விட்டுவிட்டேன். பிறகு அதையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "என்னன்னு கூப்பிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். "அவ வலிக்குதுன்னு சொல்லுறா. நீ கொலேஷ்காங்கற. வாங்க போங்கன்னு வேற" என்றார். மறுபடி கல் பொறுக்கினார். பிறகு, என்னிடம் இல்லை, தட்டிடம் பேசுவது போலச் சொன்னார்: "பஸ்ஸுல ரெண்டு வாட்டி எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்தா ஷிவ்கா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தேன்." அப்புறம் என் கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார். மாட்டிக்கொள்ள உதவவில்லை. கதவைச் சாத்தும்போது, "அவ நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை நிலையத்தின் வாசலில் தாள் ஒட்டியாகிவிட்டது. சக ஊழியர்கள் பட்டியலில் உங்கள் பெயர் முதலில் இருக்கிறது. என் பெயர் அதில் இல்லை. பழைய தாளில் உங்கள் பெயரை எடுத்தது நான்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

அத்தை உங்களைக் கூப்பிடுவார். கூப்பிட்டாலும் சட்டென்று பேச்சு வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்லறைக்கு வர முடியுமா என்று கேட்பார். முடிந்தால் வாருங்கள். முடியாது என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். என்னை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. வந்தால் என்னிடம் அன்பாகப் பேசவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போனை வைத்த பிறகு அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். அழுதாளா, திட்டினாளா, சிரித்தாளா, உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை எனக்குச் சொல்ல வேண்டாம். அவளுடைய அம்மாவிடம் சொல்லுங்கள். நான் காது கேட்கிற தூரத்தில் நின்றுகொள்கிறேன்.

உங்கள் முழங்கால் வலி தீர்ந்து, நீங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ரலிட்சாவின் கணவன்
கலோயன்